நம் வீடு நம் கையில்: சுவர் விரிந்தால் மண்ணைக் கேளுங்கள்



சின்னமனூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு போனவர், மூன்று மாதக் குழந்தையோடு இப்போதுதான் திரும்பியிருக்கிறார். வந்து பார்த்தால் படுக்கையறை ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் சாய்வாக ஒரு விரிசல். போதாததற்கு இடுப்பு உயரத்துக்குச் சுவரெல்லாம் ஓதம். "தை மாசம் குழந்தைக்குக் காது குத்து வெச்சிருக்கோம் அக்கா. அதுக்குள்ள சிமெண்டு பூசி, மேல டைல்ஸ் ஒட்டி மறைச்சிடலாம்னு கொத்தனார் சொல்றார். முப்பதாயிரம் ஆகுமாம். செய்யலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, அந்தப் பணத்தை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டு. இதைப் படித்து முடித்த பிறகு யோசிக்கலாம்.

ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், இதே காரியத்தை இரண்டு தடவை செய்து, இரண்டு சீட்டுப் பணத்தைச் சுவரில் பூசினவள் நான்.

எங்கள் வீடு உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், வயலை ஒட்டி இருக்கிறது. முன்பாதி மாமனாரின் அப்பா கட்டியது. கல்லும் மண்ணும் வைத்துச் சுண்ணாம்புக் காரை பூசின கனத்த சுவர், மேலே நாட்டு ஓடு. பின்பாதி எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் எழுப்பின கான்கிரீட் அறை. நஞ்சையில் மண்ணடித்து மேடாக்கின இடம் அது. கட்டி மூன்றாம் வருஷம் ஜன்னல் மூலையில் தலைமயிர் மாதிரி ஒரு கீறல் விழுந்தது. அடுத்த வருஷம் அதில் பத்து பைசாவைச் செருகலாம் போல ஆயிற்று. கொத்தனார் வந்தார், சிமெண்டு வைத்து அடைத்தார், வெள்ளை அடித்தார். பளிச்சென்று இருந்தது. பங்குனி பிறந்ததும் அதே இடத்தில், அதே கோட்டில், மறுபடி விரிசல்! இன்னொரு கொத்தனார் வந்து, "முன்னே பார்த்தவனுக்கு வேலை தெரியலை" என்று சொல்லிவிட்டு, அதே வேலையைச் செய்துவிட்டுப் போனார்.

இந்த லட்சணத்தில் அவருக்கு ஒரு ஆசை வந்தது. அந்த அறைக்கு மேலே ஒரு மாடி எடுத்து வாடகைக்கு விட்டால் பிள்ளைகளின் படிப்புக்கு ஆகுமே என்று. கம்பி விலை, செங்கல் விலை எல்லாம் விசாரித்துவிட்டார். எனக்கு மட்டும் அந்த விரிசலைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றில் என்னவோ செய்தது.

கண்ணாடி சொன்ன சேதி

அப்போது லீவுக்கு வந்திருந்தாள் என் நாத்தனார் மகள். சிவில் எஞ்சினீயர். விரிசலைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "அத்தை, இது இன்னும் நடக்குதா, நின்னுடுச்சா?"

விரிசல் நடக்குமா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உடைந்த போட்டோ சட்டத்துக் கண்ணாடியில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை அறுத்து வாங்கி வரச் சொன்னாள். விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழைத்து ஒட்டினாள். விரிசல் எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினாள். "சுவர் அசைஞ்சா கண்ணாடி உடையும். அசையலைன்னா அப்படியே இருக்கும். மாசா மாசம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அது தை மாதம். பங்குனி முடிவதற்குள் கண்ணாடி டிக்கென்று இரண்டாகப் பிளந்திருந்தது. விரிசலும் பென்சில் கோட்டைத் தாண்டி நாலு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. ஆடி, ஆவணி வந்தது. வயலில் தண்ணீர் கட்டி, சாரலும் அடிக்க ஆரம்பித்த பிறகு பார்க்கிறேன், விரிசல் தானாகவே நெருங்கி மூடிக்கொண்டிருக்கிறது! மூச்சு விடுகிற மாதிரி ஒரு சுவர்.

வெயிலில் திறந்து மழையில் மூடுகிற விரிசல் என்றால், கோளாறு சுவரில் இல்லை. சுவர் நிற்கிற மண்ணில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு ஒரு கண்ணாடித் துண்டு!

வெந்தயமும் களிமண்ணும்

வெந்தயத்தை ராத்திரி ஊறப் போட்டால் காலையில் எவ்வளவு பொங்கியிருக்கிறது? வெயிலில் காய வைத்தால் மறுபடி சுருங்கிவிடுகிறது அல்லவா? சிலவகைக் களிமண்ணும் கரிசல் மண்ணும் அப்படித்தான். அதன் துகள்கள் மெல்லிய தகடு தகடாக இருக்கும். தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் விரியும், போனால் சுருங்கும். கோடையில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடிப்பதும் இதனால்தான். மேலே வீட்டைத் தூக்கி வைத்தாலும் அந்தக் குணம் போவதில்லை. வீட்டோடு சேர்த்துத் தூக்கும், இறக்கும்.

நம் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க ஒரே மண் இல்லை. மேட்டுப் பக்கம் செவ்வல், ஆற்றோரம் வண்டலும் களியும், அங்கங்கே கரிசல். 1895-ல் பெரியாறு அணை கட்டி, மலையைக் குடைந்து தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினார் பென்னிகுவிக். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நஞ்சை அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. நமக்குச் சோறு போடுகிற தண்ணீர் அது. ஆனால் வயலை மனையாக்கி வீடு கட்டினவர்களுக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. வயலில் தண்ணீர் நிற்கிற மாதங்களில் பக்கத்து மனையின் அடிமண்ணிலும் ஈரம் ஏறும், அறுவடைக்குப் பிறகு இறங்கும். இதோடு தென்மேற்குச் சாரலும் ஐப்பசி அடைமழையும் சேர்ந்து கொள்கின்றன. மண் வருஷத்தில் எத்தனை முறைதான் பொங்கி அடங்கும்?

உங்கள் மனை எப்படிப்பட்ட மண் என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கடைக்கால் ஆழத்திலிருந்து கொஞ்சம் மண் எடுத்து நிழலில் காய வைத்து, பொடித்து, மெல்லிய சல்லடையில் சலியுங்கள். ஒரே மாதிரி இரண்டு நேரான கண்ணாடி பாட்டிலில் இரண்டிரண்டு ஸ்பூன் போடுங்கள். ஒன்றில் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். நன்றாகக் கலக்கி ஒரு நாள் அசையாமல் வைத்துவிடுங்கள். மண்ணெண்ணெயில் களி பொங்காது, தண்ணீரில் பொங்கும். தண்ணீர் பாட்டிலில் மண் ஒன்றரைப் பங்கு உயரத்துக்கோ அதற்கு மேலோ நின்றால், எஞ்சினீயரைக் கேட்காமல் எதையும் கட்டாதீர்கள். இது என் கைமருந்து இல்லை. 1977-ல் இந்தியத் தர நிர்ணயத்திலேயே எழுதப்பட்ட சோதனையின் வீட்டு வடிவம். பரிசோதனைச் சாலையில் அளவுக் குழாய் வைத்துத் துல்லியமாகச் செய்வார்கள். மண்ணெண்ணெய் பாட்டிலை மட்டும் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அம்மாமார்களே! தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடப் போகிறார்கள்.

எங்கள் மண், மண்ணெண்ணெயில் ஒரு விரல் உயரம் நின்றது. தண்ணீரில் ஏறக்குறைய இரண்டு விரல்.

மாமியாரின் வேப்பமரம்

அடுத்த லீவில் வந்தவள் அறையைச் சுற்றி வந்து பார்த்தாள். கிழக்கு மூலையில் நான் துணி துவைக்கிற கல். பாத்திரம் தேய்ப்பதும் அங்கேதான். வருஷம் பூராவும் சதசதவென்று ஈரம். மாடித் தண்ணீர் விழுகிற குழாயும் அந்த மூலையில்தான் மண்ணில் கொட்டுகிறது. மேற்கு மூலைக்குப் பத்தடி தள்ளி ஒரு வேப்பமரம். கோடையில் அது வேரால் உறிஞ்சி உறிஞ்சி அந்தப் பக்கத்து மண்ணைக் காய வைக்கிறது.

"ஒரு மூலையைப் பொங்க வைக்கிறீங்க, இன்னொரு மூலையைச் சுருங்க வைக்கிறீங்க. நடுவில நிக்கிற சுவர் என்ன பண்ணும் அத்தை?" என்றாள். ஒரு பக்கம் தூக்க, ஒரு பக்கம் இறங்க, சுவரில் பலவீனமான இடம் ஜன்னல் மூலை. அங்கே சாய்வாகப் பிளந்துவிட்டது. அஸ்திவாரம் பக்கத்தில் குழி தோண்டிப் பார்த்தாள். மேடாக்கின மண்ணிலேயே இரண்டரை அடியில் நின்றிருந்தது. பழைய வயல் தரையைக்கூடத் தொடவில்லை.

அவர் மாடிப் பேச்சை எடுத்தார். "மாமா, கீழே இருக்கிறதே நிக்கலாமா உக்காரலாமான்னு யோசிச்சிட்டிருக்கு. அது தலையில இன்னொண்ணா?" என்று கேட்டுவிட்டாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை.

எனக்கோ வேறு ஒரு பயம். அந்த வேப்பமரம் புதுமனை புகுவிழா அன்றைக்கு மாமியார் தன் கையால் நட்டது. ஒவ்வொரு செவ்வாயும் அதற்கு மஞ்சள் பூசிக் கும்பிடுகிறவர். "வெட்டணும்னா என்னை முதல்ல அனுப்பிட்டு வெட்டுங்க" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

நாத்தனார் மகள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வெட்ட வேணாம் அம்மாச்சி. வளர்ந்த மரத்தை ஒரேயடியா வெட்டினா அது குடிச்சிட்டிருந்த தண்ணியெல்லாம் மண்ணுலயே தங்கி, மண்ணு பொங்கி வீட்டைத் தூக்கும். அது இன்னும் ஆபத்து. வருஷா வருஷம் கிளையைக் கழிச்சு விட்டாப் போதும். தழை குறைஞ்சா குடிக்கிறதும் குறையும்" என்றாள். மாமியார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்!

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1976-ல் இங்கிலாந்தில் கடும் வறட்சி வந்தபோது, தென்கிழக்குப் பகுதியில் களிமண் மேல் நின்ற ஆயிரக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டன. மரங்களை ஒட்டி இருந்த வீடுகளுக்குத்தான் பெரும்பாலும் அடி. துரைமார் வீட்டுக்கும் களிமண் இரக்கம் காட்டுவதில்லை.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். துவைக்கிற கல்லை வீட்டை விட்டுப் பதினைந்தடி தள்ளிப் போட்டோம். அந்தத் தண்ணீர் குழாய் வழியாக வாழைக்குப் போகிறது. மாடித் தண்ணீர்க் குழாயை நீட்டி வடிகாலில் விட்டோம். அறையைச் சுற்றி நாலடி அகலத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டு, அடிக்குக் கால் அங்குலம் வெளிப்பக்கம் சரிவு வைத்தோம். மழைத் தண்ணீர் அடியில் இறங்காது, வெயிலும் அடிமண்ணைச் சட்டென்று காய வைக்காது. மண்ணில் ஈரம் இருப்பது தப்பில்லை. ஒரு மூலையில் ஏறி ஒரு மூலையில் இறங்குவதுதான் தப்பு. ஒரு வருஷம் முழுக்க இரண்டு புதுக் கண்ணாடி ஒட்டிப் பார்த்தோம். இரண்டும் உடையவில்லை. அதற்குப் பிறகே விரிசலை வெட்டி அடைத்துப் பூசினோம். இன்றைக்கும் சித்திரையில் மெல்லிய கோடு ஒன்று தெரியத்தான் செய்கிறது. அதற்கு மேல் போவதில்லை. மாடி கட்டவில்லை. அவருக்கு அதில் வருத்தம் உண்டு, எனக்கு ராத்திரி தூக்கம் உண்டு.

ஓதமும் இழுப்பும்

இனி முன்பாதி வீட்டுக்கு வருகிறேன். அங்கே விரிசல் இல்லை, ஓதம். என் சின்னவன் அந்த அறையில் சுவரை ஒட்டின கட்டிலில்தான் படுப்பான். நாலு வயசில் அவனுக்கு இழுப்பு ஆரம்பித்தது. சாரல் மாதங்களில் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவான். டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, "வீட்டில் சுவர் ஈரமா இருக்காம்மா? கறுப்பாப் பூசணம் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். கட்டிலை நகர்த்திப் பார்த்தால், பின்னால் சுவரெல்லாம் கரும்புள்ளி!

ஓதமும் பூசணமும் இருக்கிற வீடுகளில் இழுப்பு, இருமல் போன்ற சுவாசக் கோளாறுகள் கூடுதலாகக் காணப்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஒரு வழிகாட்டி நூலே வெளியிட்டிருக்கிறது. ஓதத்தைத் தடுப்பதும், காரணத்தைத் தேடிச் சரிசெய்வதும்தான் அது சொல்கிற முதல் வழி.

எங்கள் வீட்டில் காரணம் நாங்களேதான். பழைய சுவர்களுக்கு அடியில் ஓதத் தடுப்புப் பட்டை கிடையாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி தரை ஈரம் சுவரில் ஏறும். அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு அதை உள்ளே வைத்துக்கொள்ளாமல் காற்றில் விட்டுவிடும். நாங்கள் என்ன செய்தோம்? சுத்தமாக இருக்கட்டும் என்று இடுப்பு உயரத்துக்குச் சிமெண்டு பூசி, ஆயில் பெயிண்டும் அடித்தோம். வெளியே வர வழியில்லாத ஈரம் மேலே ஏறி, சிமெண்டுக்கு மேலே உப்புப் பூத்துப் பொரிந்து கொட்டியது. அதோடு, வெளிப்பக்கம் சுவரை ஒட்டி நான் ஆசையாய்ப் போட்ட மல்லிகைப் பாத்தி. தினமும் இரண்டு குடம் தண்ணீரைச் சுவருக்கு நானே ஊற்றியிருக்கிறேன்!

பாத்தியை வேலி ஓரமாக மாற்றினேன். சிமெண்டைக் கொத்தி எடுத்து, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டோம். கழுவினால் உப்பு கரைந்து உள்ளேயே போய்விடும். ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பும் மணலும் சேர்த்து மெல்லிய பூச்சாக மூன்று தடவை பூசினார் ஒரு பெரியவர். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். "சுண்ணாம்பா? நிக்குமா?" என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில்: "பெரியாறு அணையே சுண்ணாம்பும் சுர்க்கியும்தானய்யா!" உண்மைதானே?

பையனுக்கு மருந்தை டாக்டர் சொல்லும் வரை நிறுத்தவில்லை. ஆனால் அடுத்த சாரலில் அவன் ராத்திரி எழுந்து உட்காரவில்லை. எனக்கு அது போதும்.

பூசணத்தைத் துடைக்கும்போது சில எச்சரிக்கைகள். காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், தூள் பறந்து மூச்சில் போகும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறையில் இருக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டையும் ஒருநாளும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதில் கிளம்புவது விஷவாயு. கட்டிலும் பீரோவும் சுவரிலிருந்து நாலு விரலாவது தள்ளி இருக்கட்டும். மழை நாளில் ஈரத் துணியைப் படுக்கையறையில் காய வைக்காதீர்கள்.

பணத்தை எடுக்கும் முன்

விரிசலைக் கண்டதும் பூசாதீர்கள். கண்ணாடி ஒட்டி, கோடு போட்டு, ஒரு கோடையும் ஒரு மழையும் பாருங்கள்.

வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, எந்தத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். துவைக்கிற கல், குளியலறைக் குழாய், மாடித் தண்ணீர், பூப்பாத்தி எதையும் விடாதீர்கள். இந்த வேலையை நம்மைவிட நன்றாகச் செய்ய யாராலும் முடியாது. அந்தத் தண்ணீரை எல்லாம் புழங்குகிறவர்கள் நாம்தானே!

சுண்டு விரல் நுழைகிற விரிசல், திடீரென்று பிடிக்கிற கதவு, தூக்குக் குண்டு விட்டால் சாய்வு தெரிகிற சுவர், கம்பி தெரியக் கொட்டுகிற கான்கிரீட், இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். பிள்ளைகளை வேறு அறையில் படுக்க வைத்துவிட்டு அன்றைக்கே எஞ்சினீயரைக் கூப்பிடுங்கள்.

புதிதாகக் கட்டுவதாக இருந்தால் வானம் தோண்டும் முன் மண் சோதனைக்குக் கொடுங்கள். கரிசலில் ஈரம் ஏறி இறங்குவது சுமார் மூன்றரை மீட்டர் ஆழம் வரைகூட இருக்கும். அதற்கென்றே அடியில் குமிழ் போல் விரிந்த குத்துத்தூண் அஸ்திவார முறையை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்துக் கொடுத்திருக்கிறது. செலவு கூடத்தான் செய்யும். ஆனால் மார்பிள் தரையில் மிச்சம் பிடிக்கலாம், அஸ்திவாரத்தில் பிடிக்கக் கூடாது.

சின்னமனூர்த் தங்கச்சிக்கு: காது குத்துக்கு வருகிறவர்கள் குழந்தையைத்தான் பார்ப்பார்கள், சுவரை இல்லை. யாராவது கேட்டால், "அது எங்க வீட்டு மண்ணு கூடப் பேசிட்டிருக்கு, கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று சொல். தொட்டிலை அந்த ஓதச் சுவரிலிருந்து இன்றைக்கே நகர்த்திவிடு. கண்ணாடி உடைந்ததா இல்லையா என்று சித்திரையில் எனக்கு ஒரு கடிதம் போடு.